கொலுவில் வைத்த கூடு

உ
அண்ணாமலையார் துணை

வேங்கிக்கால்,
ஐப்பசி 9, ஞாயிறு.

அன்பு மகள் மதிவதனிக்கு அம்மா எழுதுவது. உன் அப்பாவும் நானும் உண்ணாமுலை அம்மன் புண்ணியத்தில் நல்லபடியாக இருக்கிறோம், அங்கே டப்ளினில் நீயும் மாப்பிள்ளையும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது சொல்லிக்கொள்கிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் கம்மியாகி இருக்கிறது, தீபாவளிக்கு அதிரசத்தை ஒளித்து வைத்ததால். மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது, முருங்கை ஒரு கிளை ஒடிந்தது, மற்றபடி சேதம் இல்லை. தீபத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள்ளேயே ஊரில் ரோடு தோண்டுவதும் மூடுவதுமாக பஸ்ஸெல்லாம் சுற்றிப் போகிறது. போனில் தினமும் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று நீ நினைப்பாய். போனில் உன் முகம் தெரிகிறது மதி. அதைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல என்னால் முடியவில்லை. நாலு முறை ஆரம்பித்து நாலு முறையும் சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்துவிட்டேன்.

கொலு வைப்பது நம் வீட்டுப் பழக்கம் இல்லை என்று உனக்குத் தெரியும். கீழ்பென்னாத்தூரில் எங்கள் பக்கம் யாரும் வைத்ததில்லை. இந்தத் தெருவுக்கு வந்த பிறகு நாலு வீட்டில் பார்த்து, புத்தகம் வாங்கிப் படித்து, நானாகக் கற்றுக்கொண்டது. அதனாலேயே எனக்கு ஒரு வீம்பு, நம் வீட்டுக் கொலு யார் வீட்டுக்கும் சளைத்ததாக இருக்கக்கூடாது என்று. போன வருஷம் மண்ணில் மலை செய்து கிரிவலப் பாதை போட்டேன். இந்த வருஷம் நீ அனுப்பிய பறவைப் பொம்மைகளை வைத்துப் பறவைத் தோட்டம் போடுவது என்று ஆடி மாதமே முடிவு செய்துவிட்டேன். பீங்கான் வாத்து இரண்டு, மர ஆந்தை, நெஞ்சு சிவந்த அந்த ஊர்க் குருவி மூன்று, எல்லாவற்றிலும் சின்னதாக அந்த நீலக் கண்ணாடிக் குருவி, இப்படி இன்னும் நாலு சேர்த்து மொத்தம் பதினொன்று. வெந்தயம் விதைத்துப் புல் முளைக்க வைத்தேன், கண்ணாடி பதித்துக் குளம் வைத்தேன். எல்லாம் வைத்துப் பார்த்தால் கடையில் அடுக்கி வைத்த மாதிரி இருந்ததே தவிர தோட்டமாக இல்லை. என்ன குறை என்று யோசித்துக்கொண்டே கொல்லைப்பக்கம் போனேன். துணிக்கொடியில் அந்தக் கூடு தொங்கிக்கொண்டிருந்தது.

தேன்சிட்டு கூடு கட்டுகிறது என்று உனக்கு ஆவணியில் படம் அனுப்பினேன் இல்லையா, அதுதான். கொடிக்கயிற்றின் ஓரத்தில் நாரும் பஞ்சும் சிலந்தி நூலும் சேர்த்து, ஒரு சுருக்குப்பை மாதிரி. பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் நான் பறவைகளை எழுதி வைப்பதும் உனக்குத் தெரியும், காலையில் தவிட்டுக்குருவி ஏழு, மைனா ஜோடி, இன்று சிட்டு இலவம் பஞ்சு கொண்டு வந்தது என்று. மகாளய அமாவாசைக்கு நாலு நாள் முன்பு வரை ஒரு நாள் விடாமல் எழுதியிருக்கிறேன். அதன்பிறகு படி கட்டுவது, பொம்மை துடைப்பது என்று நாலு நாள் கொல்லையைக் கவனிக்கவே இல்லை. அமாவாசையன்று காலையில் குளித்து, மதில்மேல் இலை போட்டு, காக்கை வந்து தொட்ட பிறகுதான் நாங்கள் சாப்பிட்டோம். காக்கை வர நேரமாயிற்று. அப்பா பசி தாங்கமாட்டார் என்று தெரிந்தும் காத்திருக்க வைத்தேன். அன்று மத்தியானமே கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போய் அந்தக் கூட்டைக் கயிற்றோடு வெட்டி எடுத்தேன்.

குருவி அங்கே இல்லை, காலி செய்துவிட்டுப் போய்விட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கூட்டின் வாசல் என் முகத்துக்கு நேராகத்தான் இருந்தது. எட்டிப் பார்த்திருக்கலாம், ஒரு விரல் விட்டுப் பார்த்திருக்கலாம். பார்த்தால் ஏதாவது இருந்துவிடும், இருந்தால் எடுக்க முடியாது, அதனால் பார்க்கவில்லை. வேண்டுமென்றே பார்க்காமல் எடுத்தேன் என்பதை இத்தனை நாளில் யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம்தான் சொல்கிறேன்.

கூட்டை முருங்கைக் குச்சியில் கட்டி, வாசலில் அந்த நீலக் குருவியை உட்கார வைத்தேன். அவ்வளவுதான், தோட்டத்துக்கு உயிர் வந்துவிட்டது. முதல் நாளே தெருவே திரண்டு வந்தது. எதிர்வீட்டு வள்ளி தாம்பூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நகரவே இல்லை, “என்னக்கா இது, நெசக் குருவி கட்டுன மாதிரியே கீதே, எந்தக் கடையில வாங்குனீங்க”ன்னு கேட்டாள். நான் சிரித்துக்கொண்டு “கடையில எங்க கெடைக்கும் இதெல்லாம்” என்றேன். நானே கையால் செய்தது என்று அவள் நினைத்துக்கொண்டாள், நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மறுநாள் பின்வீட்டு ஜோதியம்மாள் சுண்டல் வாங்க வந்தவர் கொலுவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “ஏம்மா திரௌபதி, உங்க கொடியில ஒரு கூடு இருந்துச்சே, அந்தப் பொட்டைச் சிட்டு நேத்துல இருந்து வெறுங்கயித்தையே சுத்திச் சுத்தி வந்து கத்துது, என்னாச்சு”ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டார். “காத்துல விழுந்துடுச்சுங்க, வீணாப் போவக்கூடாதேன்னு எடுத்து வச்சேன்” என்றேன். “காத்தா, எங்க வூட்ல ஒரு எல கூட ஆடலியே” என்று சொல்லிவிட்டுச் சுண்டலை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு நோட்டிலும் அப்படியே எழுதினேன், காற்றில் கூடு விழுந்தது என்று. நான் கணக்கு எழுத ஆரம்பித்து இருபத்தாறு வருஷம் ஆகிறது, நோட்டில் பொய் எழுதியது அதுதான் முதல் முறை. நாலாம் நாள் நீ போனில் கேட்டபோது உனக்கும் அதையே சொன்னேன். நீ உடனே “நல்லவேளை, நீ பாத்து எடுத்து வச்சேம்மா”ன்னு சொன்னாய். அதோடு விட்டாயா, “எனக்குக் குருவி பாவம் சொல்லிக் கொடுத்தவளாச்சே நீ, ஞாபகம் இருக்கா நூத்தியெட்டு தோப்புக்கரணம்”ன்னு சொல்லி விழுந்து விழுந்து சிரித்தாய். நான் அனுப்பிய கொலுப் படத்தை எல்லாருக்கும் அனுப்பி, கீழே அம்மா காப்பாற்றிய கூடு என்று எழுதியும் போட்டாய்.

விஜயதசமிக்கு மறுநாள் பொம்மைகளைப் பழைய புடவைத் துணியில் சுற்றி எடுத்து வைத்தேன். கூட்டைக் கையில் எடுத்துச் சாய்த்தபோது உள்ளே ஏதோ உருண்டது. பஞ்சுக்கு அடியில் இரண்டு முட்டை மதி, வேர்க்கடலைப் பருப்பு அளவுதான் இருக்கும், வெள்ளையில் பொடிப் பொடியாகப் புள்ளி. ஒன்று விரிசல் விட்டிருந்தது. ஒன்பது நாளும் நான் அதற்குத்தான் கற்பூர ஆரத்தி காட்டி, வந்தவர்களுக்கு மஞ்சள் குங்குமம் கொடுத்திருக்கிறேன். செம்பருத்திச் செடியடியில் புதைத்தேன். அப்பா பார்த்துவிட்டு, “விடு, தெரியாம நடந்துபோச்சு, அதுக்கு ஏன் அழுவற”ன்னார். தெரியாமல் இல்லை என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதன்பிறகு எனக்கு அந்தக் குருவியைவிட உன் நினைப்புதான் ஜாஸ்தி. பழைய வாடகை வீட்டில் மீட்டர் பெட்டி மேல் சிட்டுக்குருவி கூடு இருந்ததே, நீ ஸ்டூல் போட்டு ஏறிக் கை விட்டு ஒரு முட்டை கீழே விழுந்து உடைந்ததே. உனக்கு அப்போது எட்டு வயது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் முனைப் பிள்ளையார் முன்னால் நிறுத்தி நூற்றெட்டு போடச் சொன்னேன். அறுபதுக்கு மேல் உனக்குக் கால் நடுங்கியது. நான் பக்கத்தில் நின்று எண்ணிக்கொண்டே இருந்தேன், ஒன்றுகூடக் குறைக்கவில்லை. மறுநாள் நீ பள்ளிக்கூடத்துக்கு நொண்டிக்கொண்டு போனாய். “பாக்கத்தாம்மா தொட்டேன், பாக்கத்தாம்மா தொட்டேன்”ன்னு நீ சொல்லிக்கொண்டே இருந்தாய், நான் காதில் வாங்கவில்லை. உனக்கு அது சிரிப்பாகிவிட்டது, எனக்கு இந்த மாதம்தான் அது காதில் விழுகிறது. நீ பார்ப்பதற்காகத் தொட்டாய். நான் பார்க்காமல் எடுத்தேன். உன்னைவிட நாலு மடங்கு வயதை வைத்துக்கொண்டு நான் எப்படி அன்று உன்னை அங்கே நிறுத்தினேன் என்று தெரியவில்லை.

போன செவ்வாய்க்கிழமை அந்த முனைப் பிள்ளையாரிடமே ஆட்டோ பிடித்துப் போனேன். பதினொன்றாவது தோப்புக்கரணத்தில் முழங்கால் பிடித்துக்கொண்டது, பூக்காரம்மா ஓடி வந்து தூக்கிவிட்டாள். அதற்குப் பிறகு தினமும் வீட்டுப் பூஜை மாடத்தின் முன்னால் ஆறு ஆறாகப் போடுகிறேன், நேற்றோடு முப்பத்தைந்து. ஜோதியம்மாளிடம் போய், கூட்டை நான்தான் வெட்டினேன் என்று சொல்லிவிட்டேன். “எனக்கு அன்னிக்கே தெரியும், நீங்களா சொல்றீங்களான்னு பாத்தேன்” என்று சொல்லி ஒரு டம்ளர் மோர் கொடுத்தார். வள்ளியிடமும் சொன்னேன், அவள் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள், அதுதான் கஷ்டமாக இருந்தது. கொல்லையில் புதுக் கயிறு கட்டியிருக்கிறேன், துணி போடுவதில்லை, அப்பா வேட்டி நாற்காலியில் காய்கிறது. தவிட்டுக்குருவிகள் எப்போதும்போல் கூட்டமாக வந்து தண்ணீர்ச் சட்டியில் குளித்துச் சண்டை போடுகின்றன. தேன்சிட்டு செம்பருத்திக்கு வருகிறது, கயிற்றின் பக்கம் வருவதில்லை. அது அந்தச் சிட்டுதானா என்றும் எனக்குத் தெரியாது.

பார்சலில் பருப்புப்பொடியும் சுண்டைக்காய் வற்றலும் வைத்திருக்கிறேன், வற்றலை ஈரக்கை படாமல் எடு. சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வைக்காமல் இருக்காதே. மாப்பிள்ளைக்கு என் ஆசியைச் சொல். அண்ணாமலையார் காலடியில் நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, நிறைவாக வாழ வேண்டும். இந்த வருஷம் பொம்மை எதுவும் அனுப்ப வேண்டாம். பத்தைப் பெட்டியில் வைத்துவிட்டேன், நீலக் குருவியை மட்டும் சமையலறை ஜன்னலில் கயிறு தெரிகிற பக்கம் வைத்திருக்கிறேன். மறக்காமல் அந்தப் படத்தின் கீழே நீ எழுதியதை எடுத்துவிட்டு, அம்மா வெட்டிய கூடு என்று எழுது. நோட்டிலும் நான் அப்படித் திருத்திவிட்டேன். திட்ட வேண்டும் என்றால் திட்டி எழுது, ஆனால் எழுது. இது உன் கைக்கு வரும்போது நூற்றெட்டு முடிந்திருக்கும். பக்கத்தில் நின்று எண்ண எனக்கு ஆள் இல்லை, நானேதான் எண்ணுகிறேன். ஒன்றுகூடக் குறைக்கவில்லை, நம்பு.

உன் அம்மா,
ச. திரௌபதி