நாலாம் நம்பர் மீனின் விசித்திர நோய்

மார்ச் 3, செவ்வாய்

இதைப் பிற்காலத்தில் எடுத்துப் படிக்கப்போகும் உலகத்தாருக்கு முதலிலேயே அறிவித்துவிடுகிறேன்: நீங்கள் இதை நம்பப்போவதில்லை. எழுதுகிற எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற நான் இன்றைய தேதியில் ஆறு மீன்களுக்குத் தலைமைச் சமையற்காரன், தண்ணீர் மந்திரி, மெய்க்காப்பாளன். ஒவ்வொன்றும் என் சுண்டுவிரலில் பாதி. வெளியே சொல்லும்போது சுறா என்பேன். வேலை வாங்கித் தந்தது தங்கச்சி மகள், ஆராய்ச்சியும் அவளுடையதுதான். தொட்டிக்கு எதிரே ஒரு கேமரா பகலெல்லாம் முறைத்துக்கொண்டிருக்கும். அந்தப் படத்தைப் பார்த்து, கம்ப்யூட்டர் ஒவ்வொரு மீனுக்கும் ஒரு நம்பர் கொடுத்து, அது போகிற வழியெல்லாம் கலர் கோடு இழுக்கும். யார் முன்னால் போகிறார், யார் பின்னால் ஒட்டிக்கொண்டு போகிறார் என்று அந்தக் கோடுகள் சொல்லிவிடுமாம். தொட்டியையும் கேமராவையும் சுற்றிக் கறுப்புத் திரை. தீனி போட்டதும் நான் திரையை விட்டு வெளியேறிவிட வேண்டும். சட்டம்!

நேற்று வராந்தாவிலிருந்த என் நாற்காலியை எவனோ தூக்கிக்கொண்டு போய்விட்டான். சரித்திரம் காணாத சதி. மத்தியானம் உட்கார வேறு இடம் பிடித்துவிட்டேன். எங்கே என்பது ராஜ ரகசியம்.

சாயங்காலம் அவள் கூப்பிட்டுக் காட்டினாள். நாலாம் நம்பரின் பச்சைக் கோடு மத்தியானத்தில் மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது. சட்டென்று மேலே எகிறுகிறது. திரும்ப இறக்கம். திரும்ப எகிறல். நேற்றும் இப்படித்தானாம்.

"மூச்சு முட்டுதோ மாமா?" என்றாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

மார்ச் 5, வியாழன்

மேடம் வந்தார். ஆய்வகமே அவர் கையில். அவர் செருப்புச் சத்தம் கேட்டால் குழாயில் தண்ணீர்கூட ஒழுங்காக வரும். கோட்டைப் பார்த்தார்.

"நோய்னா ஒரு மீனோட நிக்காது. அடுத்த வெள்ளி வரைக்கும் பார்ப்போம். சரியாகலைன்னா தொட்டியையே காலி பண்ணிடுங்க."

காலி என்றால் மீன் மட்டும் இல்லை. இத்தனை மாதம் எடுத்த படமெல்லாம் குப்பை. முதலிலிருந்து தொடங்க வேண்டும். இந்த வருடத்தோடு அவளுக்கு இங்கே இடம் முடிகிறது. முதலிலிருந்து எங்கே தொடங்குவது?

அவள் அழவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்தாள். துடைத்ததையே துடைத்தாள்.

மார்ச் 6, வெள்ளி

தண்ணீர் மாற்றினேன். ஏழு கடலும் வற்றுகிற அளவுக்கு மாற்றினேன். பச்சைக் கோடு அசையவில்லை – அதாவது, அதே ஆட்டம்.

மார்ச் 9, திங்கள்

பொறுத்தது போதும். நாலாம் நம்பரை நானே நேரில் காவல் காப்பது என்று முடிவெடுத்தேன். மத்தியானம் முழுக்க கேமராவுக்குப் பின்னால், ஸ்டூலில், மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இமை கொட்டாமல்.

அது காற்றுக் குழாய்க்குப் பின்னால் போய்ப் பதுங்கிக்கொண்டது. எட்டிப் பார்க்கும், போகும். நானும் குனிந்து நிமிர்ந்து தேடினேன். மூச்சும் முட்டவில்லை, ஒன்றும் முட்டவில்லை. ஆனால் சாயங்காலம் கம்ப்யூட்டரில் பார்த்தால், இதுவரை இல்லாத உக்கிரம்! பச்சைக் கோடு ஊஞ்சல் மாதிரி ஆடியிருக்கிறது.

"முத்திப்போச்சு மாமா," என்றாள்.

அது நல்லாத்தான் இருக்குன்னு எப்படிச் சொல்றது? உள்ளயே உக்காந்து பாத்தேன்னா? ஆள் உள்ளே நிற்கக் கூடாதுன்னு அவ கையாலயே எழுதி ஒட்டியிருக்கா. சொன்னா திட்டுவா. திட்டினாக்கூடப் பரவால்ல – ஒண்ணும் பேசாம கண்ணாடியத் துடைச்சான்னா?

சொல்லவில்லை.

மார்ச் 11, புதன்

கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். பல் மருத்துவர் ஒரு காலை என் நெஞ்சில் ஊன்றி, கயிறு கட்டி, ஊரைக் கூட்டி இழுத்தார். வேலைக்குப் போகவில்லை. தீனியை அவளே போட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் போன். "மாமா! நாலுக்கு இன்னைக்கு ஒண்ணுமே இல்ல! சுத்தமா இல்ல!"

வாய் நிறையப் பஞ்சு. "ம்ம்," என்றேன். உள்ளுக்குள் ஆடிய ஆட்டம் எனக்குத்தான் தெரியும்.

மார்ச் 12, வியாழன்

வீங்கிய கன்னத்தோடு காவலுக்குத் திரும்பினேன். நோயும் திரும்பியது.

அவள் கோட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். திரும்பக் கோட்டைப் பார்த்தாள்.

"நேத்து நீங்க வரல. நோயும் வரல."

கோடுகளையெல்லாம் எடுத்துவிட்டு, படத்தை மட்டும் மெதுவாக ஓட்டினாள். நாலாம் நம்பர் குழாய்க்குப் பின்னால் போய் மறைகிறது. கம்ப்யூட்டருக்கு ஆறு மீன் என்று சொல்லி வைத்திருக்கிறாள். ஒன்று குறைந்தால் அது பதறிப்போய்த் தேடும். கண்ணில் பட்ட அசைவுக்கு அந்த நம்பரைக் கொடுத்துவிடும். தொட்டிக் கண்ணாடியில் ஏதோ பிரதிபலித்து அசைந்தது. வெளிர் நிறம், உருண்டை, பளபளப்பு. மெல்லக் கீழே சாய்ந்தது. சட்டென்று நிமிர்ந்தது. அதற்கு மூக்குக்கண்ணாடி இருந்தது.

"மாமா, இது யாரோட தலை?"

"பார்த்த மாதிரிதான் இருக்கு."

"எத்தனை நாளா உள்ள தூங்குறீங்க?"

"தூங்கினேனா? காவல் காத்தேன்!"

"காவல்காரர் குறட்டை விடுவாரா?"

"கேமராவுலதான் சத்தம் பதியாதே?"

"பதியாது. இப்ப நீங்களே சொல்லிட்டீங்க."

அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. நானும் சிரித்தேன்; பல் போன இடத்தில் உயிர் போனது. அப்பாடா! மலையை இறக்கி வைத்த மாதிரி. ஒரு மலை இல்லை, ஒரு மலைத்தொடர்.

மார்ச் 13, வெள்ளி

மேடம் படத்தைப் பார்த்தார். என் தலையைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார்.

"நான் உட்கார்ந்திருந்த நேரத்தை மட்டும் வெட்டி எடுத்துட்டா மத்ததெல்லாம் சுத்தம், மேடம்," என்றேன், நானே ஆராய்ச்சியாளன் மாதிரி.

"தெரியும்," என்றார். போகும்போது வாசலில் நின்றார். "இவருக்கு வராந்தாவுல ஒரு நாற்காலி போடுங்க. அதான் மருந்து."

ராத்திரி தங்கச்சி போன்: "என்னண்ணே, உன் மண்டைய கம்ப்யூட்டர் மீன்னு நெனச்சிருச்சாமே?"

"சாதாரண மீன் இல்ல. தலைமை மீன்."

ஆகஸ்ட் 21, வெள்ளி

முடிந்தது. இன்று காலையில் தேர்வாளர்கள் முன்னால் நின்று பேசினாள், கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள், டாக்டராக வெளியே வந்தாள். தவறு எங்கே வரலாம் என்று காட்டுவதற்காக என் பச்சைக் கோட்டையும் திரையில் போட்டாளாம். பார்த்ததும் தேர்வாளர்கள் எழுந்து நின்று வணங்கினார்கள். உலக மீன்கள் சங்கம் என்னைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. திமிங்கிலம் ஒன்று வாழ்த்துத் தந்தி அடித்தது.

சாயங்காலம் தீனி போட்டபோது நாலாம் நம்பர் குழாய்க்குப் பின்னாலிருந்து வந்து முதல் ஆளாகத் தின்றது. திரையை இழுத்துவிட்டு, வெளியே வந்து, என் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

சரி, ஒத்துக்கொள்கிறேன். திமிங்கிலம் பொய், சங்கம் பொய், மருத்துவரின் காலும் கயிறும் பொய். மற்ற நாளெல்லாம் நான் உள்ளே தூங்கத்தான் போனேன். ஆனால் அந்தத் திங்கட்கிழமை காவலுக்குத்தான் போனேன். இதை அவளிடம் எத்தனை தடவை சொன்னாலும் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். அது மட்டும் நிஜம்.