இரும்பு ராக்கும் செல்லக்கனி படுக்க இடமும்

ஐப்பசி 4, திங்கள்

விடியலிலிருந்து தூறல். ஒட்டிய தீப்பெட்டிக் கூடு ஒன்றும் காயவில்லை. வீடு முழுக்கத் தரையில் பரப்பிக் கிடக்கிறது. பேரப்பிள்ளைகள் இரண்டும் கூட்டுக்கு நடுவே கோழி மாதிரி கால் வைக்கப் பழகிவிட்டன.

மகன் பாண்டி சிவகாசி அச்சாபீசிலிருந்து ஒரு கட்டு இரும்பு கொண்டுவந்தான், பஸ் மேலே போட்டு. காகிதம் அடுக்க மெட்ராசிலிருந்து வரவழைத்த ராக்காம். முழுசாக வராதாம். சட்டம் தனி, தகடு தனி, போல்ட்டு ஒரு பொட்டலம். சட்டம் நெடுக ஓட்டை. எந்த உயரத்தில் வேண்டுமோ அங்கே தட்டை முடுக்கிக்கொள்ளலாம். கூட்ஸ் ஷெட்டில் நனைந்து பெயிண்டு உரிந்துபோன கட்டு, முதலாளி இவனை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

இதை வைத்துத்தான் செல்லக்கனிக்கு இடம் பண்ண வேண்டும். என் கடைசி மகள். தலைப்பிரசவம், ஏழாம் மாதம். போன வாரம் அவள் மாமியார் வந்து வாசலிலேயே நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"எம் மருமவளை எங்கன படுக்கப் போடுவீக மயினி? தீப்பெட்டி மேலயா?"

இடம் பண்ணி வையுங்கள், இருபது தேதிக்கு மேல் வந்து பார்க்கிறேன், சரியாக இருந்தால் அனுப்புகிறேன் என்று போயிருக்கிறாள். எனக்குப் பரீட்சை. செல்லக்கனி கல்யாணப் பந்தியில் ரசம் தண்ணியாக இருக்கிறது என்று ஊர் கேட்கச் சொன்னவள். அன்றைக்கு அவள் உடுத்தியிருந்தது மாம்பழக் கலர், அரக்குக் கரை. மறக்குமா.

ஏழில் அழைக்காவிட்டால் எட்டில் அழைக்கக் கூடாது. ஒன்பது மார்கழியில் விழுகிறது, மார்கழியில் யாரும் பெண்ணை அனுப்ப மாட்டார்கள். ஆக ஐப்பசி தாண்டினால் பிரசவம் மாமியார் ஊரான ஏழாயிரம்பண்ணையில்தான். போன வருசம் அங்கே அவர்களின் மூத்த மருமகளுக்கு வலி கண்டு, பஸ்சுக்குக் காத்து நின்று, பிள்ளை தங்கவில்லை. இங்கே என்றால் அடுத்த தெருவில் நர்சு ஞானம்மா.

ஐப்பசி 5, செவ்வாய்

மேகமூட்டம். பாண்டி வேலைக்குப் போகவில்லை. சட்டம் ஆள் உயரத்துக்கு மேலே ஒரு முழம். ஓட்டுச் சரிவில் முட்டுகிறது. ரம்பத்தால் அறுக்கச் சொன்னேன். சுத்தியலால் இரும்பில் தட்டினான், ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தேன். விஸ்வநத்தத்தில் வெடிக் கம்பெனியில் இருந்த உடம்பு எனக்கு, அங்கே இரும்பில் இரும்பு பட்டால் பொறி. வீட்டில் வெடிமருந்து ஒரு சிட்டிகை கிடையாது, தெரியும். தெரிந்தும் பயம். மரக்கட்டைச் சுத்தியல்தான் எடுக்க வேண்டும் என்றேன்.

"ஏம்மா, இது என்ன அணுகுண்டா?"

"நீ கட்டையில தட்டு."

தட்டினான்.

அறுத்த துண்டு நான்கையும் மருமகள் ராசாத்தி கேட்டாள். குடம் வைக்கக் குட்டை ஸ்டாண்டு வேண்டுமாம். கொடுக்காவிட்டால் மூஞ்சி மூன்று நாளைக்குத் தொங்கும். கொடுத்தாயிற்று. இப்போது இரண்டு குடமும் தண்ணீர்ப் பானையும் அதன் மேல். நன்றாகத்தான் இருக்கிறது, அவளிடம் சொல்லவில்லை.

ஐப்பசி 7, வியாழன்

வெயில் தலை காட்டியது. ராக்கு நிமிர்ந்து நின்றது. ஐந்து தட்டு. கூடு அத்தனையும் மேலே ஏறிவிட்டது. தரை. எத்தனை வருசத்துக்குப் பிறகு இந்த வீட்டின் தரை. ராசாத்தி சாணி போட்டு மெழுகினாள். நான் சுவரோரம் படுத்துப் பார்த்தேன், காலை நீட்டி, செல்லக்கனி உயரத்துக்கு. பக்கத்தில் தொட்டில் கட்டவும் இடம் இருக்கிறது. சின்னப் பேரன் என் மேலேயே உருண்டான்.

சம்பந்தி வந்து பார்க்கட்டும்.

பிரசவத்துக்குச் சேர்க்க வேண்டியது: விளக்கெண்ணெய், பழைய வேட்டி (நர்சு சொன்னது), பூண்டு.

ஐப்பசி 11, திங்கள்

மழை. கூடு எடுக்க வரும் கம்பெனி ஆள் ஒரு சரத்தைப் பிரித்து முகத்துக்கு நேரே நீட்டினார்.

"என்னாத்தா இது, வெத்தல போட்டுத் துப்புனாப்ல இருக்கு?"

எல்லாவற்றிலும் அடியில் செங்காவிக் கறை. மேலே ஒட்டின நீலத்தாள் வீணாகப் போயிற்று. லோடு முழுக்கத் திருப்பிவிட்டார். கறையில்லாமல் ஒட்டித் தந்தால்தான் அடுத்து மடித்து ஒட்ட மரச்சீவல் தருவாராம்.

வேறொன்றுமில்லை, துத்தம். பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் கலக்கிறோம். அந்தப் பசையை இரும்புச் சட்டியில் வைத்தால் சட்டி அரித்துப் பசையும் கெட்டுவிடும், மண்சட்டியில்தான் வைக்க வேண்டும். இந்தத் தெருவில் பல் முளைக்காத பிள்ளைக்கும் தெரியும். சட்டிக்குப் பார்த்த நாங்கள் தட்டுக்குப் பார்க்கவில்லை. ஈரக் கூட்டைப் பெயிண்டு உரிந்த தகட்டில் கொண்டுபோய் அடுக்கியிருக்கிறோம்.

ராசாத்தி சொல்கிறாள்: "நீங்கதான அத்தை அடுக்கச் சொன்னீக."

அடுக்கினது அவள் கை. சொன்னது நான்தான். இருக்கட்டும்.

கூடு மறுபடி தரையில். இருபது தேதிக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று பார்க்கவே பயம்.

ஐப்பசி 13, புதன்

யோசனை எனக்கு வந்தது, அடுப்பு ஊதும்போது. தகடு எதற்கு? கழற்றிவிட்டு மூங்கிலைப் பிளந்து பிளாச்சு கட்டினால் என்ன? இரும்பு படாது, அடியிலிருந்து காற்றும் ஏறும். பாண்டியிடம் சொன்னேன். தலையைச் சொறிந்தான். சொறிந்தால் ஒப்புக்கொண்டான் என்று அர்த்தம், அவன் அப்பாவும் அப்படித்தான்.

தகட்டைத் தூக்கிப் போட வேண்டாம் என்றேன். செல்லக்கனி படுக்கும் இடத்துக்கு மேலே ஓடு ஒழுகுகிறது. இரண்டை ஓட்டுக்கு அடியில் சரிவாகச் செருகலாம்.

இராத்தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் அந்த பஸ் நிறுத்தம்.

ஐப்பசி 15, வெள்ளி

இன்றைக்குத்தானா வர வேண்டும். இருபது என்று சொன்னவள் பதினைந்தில் வந்து நிற்கிறாள், குடையோடு. ராக்கு பிரித்துக் கிடக்கிறது. தகடு வாசலில். மூங்கில் நடுவீட்டில். போல்ட்டு சின்னவன் வாயில். மிச்ச இடமெல்லாம் கூடு.

"இதான் எடமா மயினி? முன்னயாவது படுக்கத்தான் முடியாது. இப்ப நிக்கவும் முடியலையே."

"நாலு நாள் பொறுங்க. முடிச்சிருவோம்."

"பிள்ளை பொறுக்குமா? அவ எங்க வீட்லயே இருக்கட்டும். காத்தோட்டமா இருக்கா, ராணி மாதிரி."

அங்கேதான் என் வாய் நிற்கவில்லை.

"உங்க மூத்த மருமவளும் ராணி மாதிரிதான இருந்தா? ரோட்டுல வச்சுத்தான பிள்ளையைப் பறிகொடுத்தா?"

ராசாத்தி கையிலிருந்த செம்பை அப்படியே வைத்துவிட்டாள். அந்தம்மா குடையை விரிக்கப் பார்த்தாள், விரியவில்லை. மடக்கியபடியே மழையில் போய்விட்டாள். தண்ணீர் கூடக் குடிக்கவில்லை.

பாண்டி வந்ததும் கேட்டான்: "ஏம்மா, எடத்தைக் கேட்டா எளவையா சொல்லுவ?"

பொய் ஒன்றும் சொல்லவில்லையே நான். ஆனால் மகள் அவள் கையில்தானே இருக்கிறாள்.

ஐப்பசி 18, திங்கள்

ராக்கு முடிந்தது. பிளாச்சு கட்டினது நானும் ராசாத்தியும், தென்னங்கயிற்றால். அடித்தட்டை ஒரு ஓட்டை மேலே ஏற்றினோம், எறும்புக்காக. கூடு ஒரே நாளில் காய்ந்தது. கறையில்லை. கம்பெனி ஆள் உருட்டி உருட்டிப் பார்த்து எடுத்துக்கொண்டார்.

தரை காலி. படுக்கத்தான் ஆள் இல்லை.

ஐப்பசி 22, வெள்ளி

சேதி இல்லை. பாண்டியைப் போகச் சொன்னேன். "என்னன்னு போய் நிப்பேன்? நீயே போ" என்றான். சேலையை மாற்றி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தேன். கால் ஏறவில்லை.

ஓடு ஒழுகுவது நின்றுவிட்டது. தகட்டில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும்.

ஐப்பசி 25, திங்கள்

ஒன்றுமில்லை. சோறு ஒருவேளை. ராசாத்தி திட்டுகிறாள். நர்சு ஞானம்மா போகிற போக்கில் கேட்டாள்: "செல்லம் எப்ப வாரா?" வருவாள் என்றேன்.

ஐப்பசி 27, புதன்

ராகுகாலத்துக்கு முன்னால் வாசலில் மாட்டுவண்டி. செல்லக்கனி இறங்கினாள், வயிற்றைத் தாங்கிக்கொண்டு. பின்னாலேயே அந்தம்மா. கையில் சுருட்டின பாய், தலையணை, ஒரு டிரங்குப் பெட்டி.

உள்ளே வந்து தரையைப் பார்த்தாள். ராக்கைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். மேலே தகட்டைப் பார்த்தாள். பிறகு பாயை விரித்துவிட்டாள்.

"நானும் இருக்கேன் மயினி. பிள்ளை பெறக்கிற வரைக்கும்."

"இங்கயா?"

"மூத்தவளுக்கு வலி கண்ட அன்னைக்கு நான் கூட இல்ல. களை எடுக்கப் போயிருந்தேன். இந்தத் தடவ போக மாட்டேன்."

நான் தண்ணீர் கொடுத்தேன். குடித்தாள்.

சாயங்காலம் பாண்டி ராக்கின் அடித்தட்டைக் கழற்றி மேலே மாட்டினான். கீழே ஒரு ஆள் படுக்கும் அகலம் வந்துவிட்டது. அந்தம்மாவுக்கு.

ஐப்பசி 28, வியாழன்

வெயில். ரசம் நான் வைத்தேன். அந்தம்மா இரண்டு தரம் வாங்கிக்கொண்டாள்.

நர்சு ஞானம்மா வந்து செல்லக்கனியைப் பார்த்தாள். எல்லாம் நன்றாக இருக்கிறதாம். வழியில் மறித்துக் கேட்க நான் நிறைய வைத்திருந்தேன். அதற்குள் அந்தம்மா ராக்கடியிலிருந்து எழுந்து வந்து பிடித்துக்கொண்டாள். வலி எடுத்தால் யாரை முதலில் கூப்பிடுவது, வண்டி எங்கே கிடைக்கும், நர்சு ஊரில் இல்லாவிட்டால் வேறு யார், ஆஸ்பத்திரிக் கதவு எந்நேரமும் திறந்திருக்குமா. எனக்குக் கேட்க ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.