வீட்டுக்கு உதவாத ஒரு நிய்யத்து

என் உயிரான றபீக்கா மதினிக்கு,

கப்றடியில் வந்து சொல்ல வேண்டிய ஸலாத்தை இந்தக் காகிதத்திலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் தலைமாட்டில் அடையாளத்துக்கென்று தனியாக ஒரு மீஸான் கட்டை இல்லை. அன்றைக்கு எல்லாரையும் ஒரே நீளக் குழியில் சேர்த்துத்தான் அடக்கினார்கள். மதிலுக்கு வெளியே நின்று நான் ஸலாம் சொன்னால் அங்கே கிடக்கிற அத்தனை பேரும் ஒன்றாகப் பதில் சொல்லி, உங்கள் குரல் அதற்குள் அமுங்கிப் போய்விடுமோ என்று எனக்கு ஒரு பைத்தியக்கார எண்ணம். அதனால்தான் எழுதுகிறேன்.

சாய்ந்தமருதில் மாரி மழை விட்டு விட்டுப் பெய்கிறது. பாடசாலை விடுமுறை. பகல் பொழுதே அரைத் தூக்கத்தில் கிடப்பது போல இருக்கிறது. எது நடந்தது, எது நான் நினைத்துக்கொண்டது என்று பிரித்துப் பார்க்க முடியாத நாட்கள் இவை. இப்படியான ஒரு நாளில்தானே நாம் நிய்யத்து வைப்போம்?

எல்லாரும் தங்களுக்குத் தாங்களே நிய்யத்து வைப்பார்கள். மனதில் ஒன்றை எண்ணி உறுதி எடுப்பது அவரவர் காரியம். நம்முடையது மட்டும் தலைகீழ். டிசம்பர் விடுமுறையில் ஒரு நாள், பின்னேரம் அஸர் தொழுத கையோடு, உங்கள் வீட்டுக்குப் பின்னால் கரையேற்றி வைத்த தோணியின் நிழலில் போய் உட்காருவோம். வருகிற வருசத்துக்கு நீங்கள் எனக்கு ஒன்று சொல்ல வேண்டும், நான் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மறுக்கக் கூடாது. கேட்டவுடன் 'இன்ஷா அல்லாஹ்' என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டால் அது நம் தலையில் ஏறிவிட்டது என்று அர்த்தம்.

நான் உங்கள் மாமாவின் மகளாக இருந்து, உங்கள் தம்பிக்கே பெண்சாதியான வருசம் நீங்கள் தொடங்கியது இது. தையல் பழகுங்கள் மதினி என்று நான் முதலில் சொன்னபோது எவ்வளவு கோபப்பட்டீர்கள்.

"அதெல்லாம் வீட்டுக்குப் புள்ள. வீட்டுக்கு ஒரு சதத்துக்கும் உதவாததா இரிக்கோணும். உனக்கு மட்டும் இரிக்கோணும்."

அப்படி ஒன்றை யோசித்துப் பிடிக்க எனக்கு அன்று பொழுது பட்டு மஃரிபு வரை போனது. தனக்கு மட்டும் என்று ஒன்றை யோசிக்கவே நமக்கு யாரும் பழக்கவில்லையே.

எனக்கு நீங்கள் சொன்னவை எல்லாம் ஞாபகம் இருக்கின்றன. ஒரு டின்பாலை முழுதாக, யாருக்கும் ஒரு கரண்டி கொடுக்காமல், தனியே குடித்து முடிக்கச் சொன்னீர்கள். குசினிக்குப் பின்னால் ஒளிந்திருந்து முடித்தேன், பிறகு இரண்டு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். இன்னொரு வருசம், வானத்தில் ஒரு நட்சத்திரத்தையாவது பேர் சொல்லிக் கூப்பிடப் பழகு என்றீர்கள். அதையும் பழகி, உங்களை முற்றத்துக்கு இழுத்து வந்து விரலை நீட்டிக் காட்டினேன். அது நட்சத்திரமே இல்லை, வெள்ளிக் கிரகம் என்று மறுநாள் நான் படிப்பிக்கிற பாடசாலையின் விஞ்ஞான சேர் சொல்லி என் மானத்தை வாங்கினார்.

அதற்கும் நீங்கள் அசரவில்லை. நமக்கு மூன்று புதுவருசம் இருக்கிறதே என்றீர்கள். ஜனவரியில் தவறினால் முஹர்ரத்தில் திரும்ப வைக்கலாம், அதிலும் தவறினால் தமிழ் ஆட்களின் சித்திரை வருசத்தில், காரைதீவிலிருந்து பலகாரம் வருகிற அன்றைக்கு, மறுபடியும் வைக்கலாம். இந்தக் கரையில் பிறந்தவர்கள் தோற்றுப் போக வழியே இல்லை என்று நீங்கள் சொல்லிச் சிரித்தது இப்போதும் காதில் கேட்கிறது.

சைக்கிள் வருசத்தை மறந்திருக்க மாட்டீர்கள். அது நான் உங்களுக்குச் சொன்னது. சமாதான காலம், சோதனைச் சாவடிகளில் கெடுபிடி குறைந்திருந்தது. ஊருக்குள் ஓடினால் ஊர் வாய் சும்மா இருக்காது என்பதால், அதற்கு முன் வருசக்கணக்காக நம் ஆட்கள் காலடி வைக்காத சொறிக்கல்முனை வயல் வீதிக்குப் போனோம். நீங்கள் ஏறி மிதிக்க, நான் கெரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். கொஞ்சத் தூரம்தான். உங்கள் ஹபாயா செயினில் சிக்கி, இரண்டு பேருமாக வாய்க்கால் கரையில் கிடந்தோம்.

வயலில் நின்ற ஒரு தமிழ் மனுசி, பாக்கியக்கா என்று பிறகுதான் பேர் தெரியும், நெல்லறுக்கும் தாக்கத்தியோடு ஓடி வந்தா. அதைப் பார்த்து எனக்கு உயிரே போய்விட்டது, அந்தக் காலம் அப்படி. அந்த மனுசி கத்தியால் துணியை வெட்டி உங்களை விடுவித்துவிட்டு, எங்கே போகிறீர்கள் என்று கேட்டா.

"ஒரு இடத்துக்கும் இல்ல அக்கா. சும்மா."

நீங்கள் அதைச் சொன்ன விதத்தில் அவவும் சிரித்துவிட்டா. வெயிலில் நெற்கதிர்கள் பொன்னாகக் கிடந்தன. கிழிந்த ஹபாயாவோடு நீங்கள் திரும்ப ஏறினீர்கள். எந்த இடத்தில் நான் கையை விட்டேன் என்று எனக்கே தெரியாது. நீங்கள் தனியே போய்க்கொண்டிருந்தீர்கள், தூரத்தில், சின்னதாக. எத்தனையோ நாள் கண்ணை மூடினால் எனக்கு வருகிற படம் அதுதான்.

கடைசி வருசம் நான் உங்களுக்குச் சொன்னதும் ஞாபகம் இருக்கிறதா? கல்முனை டிப்போவில் ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏறி, அது முடிகிற இடத்தில் இறங்க வேண்டும். யாரையும் தெரியாத ஊராக இருக்க வேண்டும். அங்கே ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பி வர வேண்டும். நீங்கள் கண்ணை மூடி இன்ஷா அல்லாஹ் என்றீர்கள். பிறகு என் முறை. நீங்கள் என்னையே பார்த்துக்கொண்டு, உள்ளுக்குள் எதையோ ருசித்தது போலச் சிரித்தீர்கள். அதற்குள் பாங்கு கேட்டுவிட்டது.

"உனக்கு ஒண்டு வெச்சிரிக்கன். நாளைக்குச் சொல்றன்."

மணலைத் தட்டிக்கொண்டு எழுந்து போனீர்கள். உங்கள் மகள் ஷிபா அன்றைக்கு எங்கள் வீட்டில் படுக்கப் போகிறேன் என்று அடம் பிடித்து, என் கையைப் பிடித்துக்கொண்டு மெயின் வீதிக்கு இந்தப் பக்கம் வந்தாள். விடிந்து கொஞ்ச நேரத்தில் கடல் வந்தது.

அதற்குப் பிந்திய நாட்கள் எனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். அகதியாகப் போயிருந்த பாடசாலைக்கு வயல் ஊர்களிலிருந்து சோற்றுப் பொதிகள் வந்தன. ஒரு நாள் அந்தப் பொதிகளோடு பாக்கியக்காவும் வந்திருந்தா. என்னை அடையாளம் கண்டு, "சைக்கிள் ஓடின தங்கச்சி எங்க?" என்று கேட்டா. நான் கடல் பக்கம் கையைக் காட்டினேன். அவ சோற்றைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்துகொண்டா. அன்றைக்குத்தான் நான் முதன் முதலாக அழுதேன்.

அந்தக் காலத்தில் எங்களுக்கு இலட்சியம் வைக்கப் பழக்குவதற்கென்றே கொழும்பிலிருந்து ஆட்கள் வந்தார்கள், மதினி. நீங்கள் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள். பூப்போல வெட்டிய கலர் மட்டையைக் கையில் தந்து, ஐந்து வருசத்தில் எங்கே இருக்க விரும்புகிறீர்கள் என்று எழுதச் சொன்னார்கள். எல்லாப் பெண்களும் வீடு என்று எழுதினார்கள். நான் ஒன்றும் எழுதவில்லை. எனக்கு எழுதத் தெரியாது என்று நினைத்து அந்த மிஸ் பரிவோடு குனிந்து, "நீங்க சொல்லுங்க, நான் எழுதுறேன்" என்றார். பிள்ளைகளுக்கு 'அ' எழுதப் பழக்குகிறவள் நான். எனக்கு வைக்க வேண்டியவர் இன்னும் சொல்லவில்லை என்று அந்த மிஸ்ஸுக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

உங்கள் மேல் எனக்குக் கோபம் இருந்தது. நாளைக்குச் சொல்கிறேன் என்றுவிட்டு இப்படி வருசக்கணக்காகக் காக்க வைக்கலாமா? கனவில் வருகிறீர்கள். தோணி நிழலில் உட்காருகிறீர்கள். வாயைத் திறக்கிறீர்கள். எனக்கு விழிப்பு வந்துவிடுகிறது. இந்த ஐந்து வருசத்தில் நான் கடற்கரைக்குப் போகவில்லை. எனக்கென்று எதையும் ஆசைப்படவும் இல்லை. ஆசைப்பட்டால் உங்களை விட்டுவிட்டுப் போவது போல இருந்தது.

இதற்கிடையில் யுத்தம் முடிந்துவிட்டது. செய்தி வந்த அன்று ஒரு பக்கத்தில் பட்டாசு வெடித்தது, இன்னொரு பக்கத்தில் கதவுகள் பூட்டிக் கிடந்தன. நாங்கள் நடுவில் நின்று இரண்டையும் கேட்டுக்கொண்டிருந்தோம். இப்போது சாவடிகளில் பஸ்ஸை விட்டு இறங்கி அடையாள அட்டையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறது குறைந்து வருகிறது. எந்த பஸ்ஸும் அதன் கடைசி வரைக்கும் போகலாம் போலிருக்கிறது. நீங்கள் இப்போது இறங்கியிருக்கிற ஊர் எப்படி மதினி? யாரையும் தெரியாத ஊர் என்று மட்டும் சொல்ல முடியாது. நம் ஊரில் பாதி அங்கேதானே இருக்கிறது.

உங்கள் மாப்பிள்ளை, ஷிபாவின் வாப்பா, கட்டாரில்தான் இருக்கிறார், அங்கேயே ஒரு குடும்பமும் ஆகிவிட்டது. பிள்ளையை எங்களிடமிருந்து அவர் பிரிக்கவில்லை. ஷிபா என் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டாள், உங்களுடைய அதே குறும்புச் சிரிப்பு. பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுக்கிற ஊர் நம்முடையது. கரையில் நின்ற அவளுடைய வீட்டில் அத்திவாரக் கல் கூட மிச்சமில்லை, கடலுக்கு அவ்வளவு கிட்டத் திரும்பக் கட்ட அரசாங்கமும் விடாது. வருகிற வருசம் உள்பக்கமாக ஒரு துண்டு வளவு எடுத்து அத்திவாரம் போட வேண்டும் என்று உங்கள் தம்பி நிய்யத்து வைத்திருக்கிறார். நானும் ஆமீன் சொன்னேன். ஆனால் நம் கணக்கில் அது சேராது, அது வீட்டுக்கு.

நேற்று நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

மழை ஓய்ந்து சாய்வெயில் வந்திருந்தது. ஷிபா பாடசாலைக்குப் போகிற தன் சைக்கிளை முற்றத்தில் கவிழ்த்து வைத்து மண் துடைத்துக்கொண்டிருந்தாள். நம் தோணி நிழல் கதையை நான் அவளுக்குச் சொன்னதே இல்லை. சொல்ல ஏலாமல்தான் இருந்தது. தன் உம்மா சைக்கிள் பழகும்போது நான் பின்னால் பிடித்தது மட்டும் அவளுக்குத் தெரியும். திடீரென்று தலையைத் தூக்கி, உங்களுக்கு ஏன் மாமி ஓடத் தெரியாது என்று கேட்டாள். பிடித்தேன், ஏறவில்லை என்றேன்.

"அப்ப வாற வருசம் நீங்க பழகோணும். நான் பிடிக்கிறன்."

என் கையில் இருந்த சுளகு அப்படியே நின்றுவிட்டது. மறுப்பதற்கு எல்லாமே கைவசம் இருந்தது. நரை வந்துவிட்டது, ரீச்சர் மனுசி, ஊர் சிரிக்கும், உன் மாமா என்ன நினைப்பார். வீதியில் விழுந்து கை கால் முறிந்தால் யார் பார்ப்பது என்றும் கேட்டேன்.

"ரோட்டில இல்ல, கடக்கரையில பழகுவம். ஈர மணல்ல உழுந்தா நோகா மாமி."

உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். கூட்டாளிகளோடு போவதாகச் சொன்னாள், டியூசன் விட்டு வருகிற வழியில். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அந்தக் கரைக்கா? அதுவும் எனக்குத் தெரியாமலா? அவள் துணியைப் பிழிந்துகொண்டு நான் பேசி முடிக்கும் வரை பொறுமையாக இருந்தாள். உனக்குப் பயம் இல்லையா என்று கடைசியில் கேட்டேன்.

"இரிக்கி," என்றாள். "ஆனா மணல் கெட்டி."

சுளகைக் கீழே வைத்துவிட்டு, பாடசாலையும் பக்கம், சந்தைக்கும் மாமா போகிறார், எனக்கு எதற்குப் பிள்ளை சைக்கிள் என்று மட்டும் முனகினேன்.

"ஒண்டுக்கும் இல்ல," என்றாள். "சும்மா."

வயல் வீதியில் கிழிந்த ஹபாயாவோடு நின்று நீங்கள் சொன்னதை அவள் எங்கே கேட்டாள்? பாக்கியக்காவுக்கு நீங்கள் சொன்ன பதில் அவளுக்குத் தெரியாது. நீங்கள் எனக்கு வைத்திருந்தது இதுதானா? கெரியரைப் பிடித்துக்கொண்டே ஓடினவள் ஒரு முறை ஏறட்டும் என்றுதான் அன்றைக்கு உள்ளுக்குள் சிரித்தீர்களா? இல்லை, அது வேறொன்றா? இனி எனக்குத் தெரிய வராது. தெரியாமலே இருக்கட்டும் மதினி. நீங்கள் சொல்லாமல் விட்டதற்காக நான் காத்துக் கிடந்த இடத்திலேயே, உங்கள் மகள் எனக்கு ஒன்று வைத்துவிட்டாள். மறுக்க நம் சட்டத்தில் இடமில்லை.

"இன்ஷா அல்லாஹ்," என்றேன், வாய்விட்டு. என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. ஷிபா ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, சைக்கிளை நிமிர்த்தி மணியை ஒரு தரம் அடித்துப் பார்த்தாள்.

கடல் கொந்தளிப்பு அடங்கி மழையும் விட்டதும் போகிறேன், இது உங்களுக்கு என் வாக்கு. முஹர்ரம் இந்த முறை முந்திக்கொண்டு வந்து போய்விட்டது. ஜனவரியில் தவறினாலும் சித்திரை இருக்கிறது. ஹபாயாவைக் கட்டையாகத் தைத்துக்கொள்கிறேன். அலை வந்து தொட்டுப் போகிற அந்த ஓரத்தில், தோணிகள் கிடந்த இடத்தைத் தாண்டி, உங்கள் மகள் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி வருவாள். அவள் எந்த இடத்தில் கையை விட்டாள் என்று நான் திரும்பிப் பார்க்க மாட்டேன்.

தூரத்தில், சின்னதாக, ஒருத்தி தனியே போகிறதைக் கண்டால் அது நான்தான்.

உங்கள் மாமாவின் மகள், தம்பி பெண்சாதி, ஷிபாவின் மாமி,
மைமூனா