தங்கையின் ஓட்டு

கெண்ட், பெல்ஜியம்
மே 8, 2016

அன்புள்ள டீன்,

முதுகுவலி எப்படி இருக்கிறது? போனில் பேசினால் சண்டையில் முடிகிறது. அதனால்தான் கடிதம்.

இங்கே முதியோர் இல்லத்தில் இந்த மாதம் எனக்கு விடிகாலை வேலை. என் கணவர் யோரிஸ் சைக்கிளிலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டார். கட்டோடு சமையலறையில் உட்கார்ந்து என் சமையலுக்குக் குறை சொல்கிறார்.

ஒரு உதவி வேண்டும். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா விலகுவதா என்ற ஓட்டுக்கு என்னால் ஊருக்கு வர முடியாது. என் பெயர் இன்னும் அப்பா வீட்டு முகவரியில்தான் இருக்கிறது. எனக்குப் பதிலாகப் போட உன் பெயரை எழுதி அனுப்பிவிட்டேன். ‘இருக்க வேண்டும்’ என்ற கட்டத்தில் போடு. உன் பக்கம் எது என்று தெரியும். ஆனால் அப்பாவும் போன பிறகு அந்த ஊரில் வேறு யாரைக் கேட்பேன்?

விலகிவிட்டால் நான் இங்கே யார் என்று எனக்கே தெரியாது. வேலை, வீடு எல்லாம் என் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டை நம்பித்தான் இருக்கின்றன.

முத்தங்களுடன்,
ஹேலி

ஹார்ட்டில்பூல்
மே 19, 2016

அன்புள்ள ஹேலி,

யோரிஸ் குறை சொல்வது நியாயம்தான். உன் சமையலை நானும் சாப்பிட்டிருக்கிறேன்.

நீ சொன்ன கட்டத்திலேயே போடுகிறேன். என்னுடையது மறுபக்கம், அதை மறைக்க மாட்டேன். குழாய் ஆலையை மூடினார்கள். ஒன்றியம் எங்களுக்குக் கடற்கரையில் ஒரு நடைபாதை போட்டுக் கொடுத்தது, வேலையில்லாதவன் காலாற நடப்பதற்கு. நான் இப்போது கிடங்கில் இருக்கிறேன். காலையில் செல்பேசியில் செய்தி வந்தால் வேலை உண்டு, வராவிட்டால் இல்லை. விலகினால் எல்லாம் பாழாகிவிடும் என்று தொலைக்காட்சியில் ஒருவன் சொல்கிறான். எங்கள் தெருவை அவன் பார்த்ததே இல்லை.

உன் கவலை வேறு, என் கோபம் வேறு. உன் ஓட்டு உன்னுடையது.

அன்புடன்,
டீன்

கெண்ட்
ஜூன் 30, 2016

டீன்,

விலகுவது என்று முடிவு வந்த நாளிலிருந்து ஒரு வாரமாக எனக்கு எதுவும் உறைக்கவில்லை. அழுகைகூட வரவில்லை. இல்லத்தில் ஒரு முதியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “உன்னை அனுப்பிடுவாங்களாம்மா? அப்புறம் என்னை யாரு குளிப்பாட்டுறது?” என்று கேட்டார். துண்டை எடுத்துக் கொடுத்தேன். வேறென்ன செய்வது?

நேற்று அத்தை மகள் ட்ரேசி போன் செய்தாள். முடிவு வந்த அன்று மதுக்கடையில் உன் கூட்டாளி பில் நாற்காலி மேல் ஏறி, “டீனுக்கு ஒரு பீர் ஊத்துங்கடா. தங்கச்சி ஓட்டையும் நம்ம பக்கமே போட்டுட்டு வந்திருக்கான்” என்றானாம். எல்லோரும் கைதட்டினார்களாம். நீ சிரித்துக்கொண்டே அந்த பீரைக் குடித்தாயாம்.

என் ஓட்டை எதில் போட்டாய்?

ஹேலி

ஹார்ட்டில்பூல்
ஜூலை 9, 2016

ஹேலி,

நீ சொன்னதில்தான் போட்டேன். சாவடியில் கட்டி வைத்திருக்கும் பென்சிலால் போட்டால் ராத்திரி அழித்து மாற்றிவிடுவார்கள் என்று இங்கே எல்லோரும் பேனாவோடு போனார்கள். நானும் கொண்டுபோனேன். உன் சீட்டைத்தான் முதலில் போட்டேன், அதையும் பேனாவால். எங்கள் ஆட்களே அழித்துவிடக் கூடாதே என்று. பிறகு என்னுடையதைப் போட்டேன். நம் ஓட்டு இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டன. இருவரும் பேசாமல் வீட்டில் இருந்திருக்கலாம்.

பில் சொன்னது பொய். நான் மறுக்கவில்லை. ஆலை மூடியதிலிருந்து இந்த ஊர் எதிலும் ஜெயித்து நான் பார்த்ததில்லை. அன்று எல்லோரும் என் தோளைத் தட்டினார்கள். கெடுக்க மனம் வரவில்லை.

நிரூபிக்க வழியில்லை. மடித்துப் பெட்டியில் போட்ட சீட்டு யாருடையது என்று யாருக்கும் தெரியாது. நீ நம்பினால்தான் உண்டு.

டீன்

கெண்ட்
பிப்ரவரி 11, 2018

டீன்,

உன் கடிதங்களுக்கு இத்தனை நாள் பதில் எழுதாததற்குக் காரணம் கோபம் இல்லை. கோபம் எப்போதோ போய்விட்டது, அதன் இடத்துக்கு எதுவும் வரவில்லை.

நீ சொன்னபடி போட்டாய் என்று சில நாள் நம்புகிறேன், சில நாள் இல்லை. நம்பும் நாட்களில்தான் இன்னும் மோசமாக இருக்கிறது. பொய் என்று தெரிந்தே என் பெயரைச் சொல்லி ஊற்றியதைக் குடித்திருக்கிறாய்.

பெல்ஜியக் குடியுரிமை கிடைத்துவிட்டது. அங்கே வாக்காளர் பட்டியலிலிருந்து என் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டேன். இனி எனக்காக நீ எதுவும் செய்ய வேண்டியதில்லை. முதுகைப் பார்த்துக்கொள்.

ஹேலி

ஹார்ட்டில்பூல்
மார்ச் 3, 2018

அன்புள்ள ஹேலி,

நேற்று மதுக்கடைக்குப் போனேன். எல்லோரும் இருந்தார்கள். எழுந்து நின்று, “அன்னைக்கு நீ சொன்னது பொய், பில். என் தங்கச்சி இருக்கணும்னு போடச் சொன்னா. அவ ஓட்டை நானும் அப்படியேதான் போட்டேன்” என்றேன்.

பில் தொலைக்காட்சியில் ஓடிய பந்தாட்டத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “எந்த ஓட்டுடா?” என்றான்.

சொன்னேன்.

“ஓ, அதுவா. சரி விடு. நின்னா மறைக்குது, உக்காரு.”

உட்கார்ந்தேன். யாரும் என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. அடிப்பார்கள் என்று இரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

உன்னிடம் ஒன்றை மறைக்க விரும்பவில்லை. அன்று அந்த பீர் நன்றாகத்தான் இருந்தது.

உன் அண்ணன்,
டீன்