ஆணி டயர்கள்

திரோம்சோ, வட நார்வே, நவம்பர் 9

அன்புள்ள மாரித்,

நீ பெர்கனிலிருந்து வருவதற்குள் இதைச் சொல்லிவிட வேண்டும். பனியில் வழுக்காமலிருக்க ஆணி பதித்த பனிக்கால டயர்களைக் காரில் மாட்டிவிட்டதாகப் போனில் சொன்னது பொய். நான்கும் கொட்டகையில்தான் கிடக்கின்றன.

பக்கத்து வீட்டு ஓட்வார் கேட்டார்: "என்ன தெற்கத்திக்காரரே, கோடை டயர்லயே சறுக்கி விளையாடப் போறீங்களா? வாங்க, நான் மாட்டித் தரேன்."

எனக்கு மாட்டத் தெரியாது என்று ஒப்புக்கொள்ள வெட்கம். நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

இன்று காலை பள்ளிக்கூட இறக்கத்தில் வண்டி வழுக்கி, பனிக்குவியலில் மோதி நின்றது. நம் தூவாவுக்கு உதடு கிழிந்து இரண்டு தையல். வேறொன்றுமில்லை.

மருத்துவமனையில் என் விரலைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னாள்: "நாய் குறுக்க வந்துச்சுன்னு அம்மாகிட்ட சொல்லிடலாம்ப்பா."

ஆறு வயதுக் குழந்தை. நான் சரியென்று தலையாட்டினேன்.

நாய் எதுவும் வரவில்லை, மாரித்.

உன் கணவன்