உறுப்பினர் அவையில் இல்லை

ஜூலை 8

காலை முழுக்கத் தொகுதியில். ஆனைமலை போகும் வழியில், தென்னை நார் மில்களில் வேலை செய்யும் பெண்களுக்காக அரசு நடத்தும் குழந்தைகள் காப்பகத்தில் இறங்கினேன். தாய்மார்கள் மில்லில் நார் காயப்போடும்போது கைக்குழந்தைகள் இங்கே தொட்டிலில் தூங்கும். பார்த்துக்கொள்பவர் பழனியாத்தாள் அக்கா. அவர் மடியில் ஹர்ஷிணி என்ற பொடிசு என் கண்ணாடியைப் பிடுங்கப் பார்த்தது.

“ஆகஸ்டோட மூடறாங்களாமுங்க,” என்றார் அக்கா. “சிக்கன நடவடிக்கைன்னு ஆபீசர் வந்து சொல்லிப்போட்டுப் போனாருங்க. இதுக எல்லாம் எங்கீங்க போகும்?”

கோவை திரும்பும்போது காரில் செய்தி. வேண்டியவர்களுக்கெல்லாம் கடனை வாரிக் கொடுத்து முழுகப்போன ஒரு தனியார் வங்கியை அரசு பணம் போட்டுத் தூக்கிவிடப் போகிறது. நாட்டு நலனுக்காக என்கிறார் அமைச்சர். அதே பேட்டியில், அதே வாயால், காப்பகம் மாதிரியான செலவுகளில் எல்லோரும் இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்றும் சொல்கிறார். எதை இறுக்கிப் பிடிப்பது? தொட்டில் கயிற்றையா?

வயிறு எரிகிறது. மக்களவைக்குப் போய் ஒரு வருடம் ஆகிறது. இதற்குக்கூட வாய் திறக்காவிட்டால் பேசாமல் வக்கீலாகக் கோர்ட்டுக்கே திரும்பிப் போய்விடலாம்.

ஜூலை 21, டெல்லி

வெட்டுத் தீர்மானம் கொடுத்துவிட்டேன். அரசு கேட்கும் பணத்தை ஒரு ரூபாயாகக் குறைக்க வேண்டும் என்று ஓர் உறுப்பினர் கேட்கலாம். இந்தக் கொள்கையே தப்பு என்று மூஞ்சிக்கு நேரே சொல்வதற்கு நாடாளுமன்றத்தில் உள்ள வழி அது. வங்கிக்கு ஒரு ரூபாய்! எழுதும்போதே கை குறுகுறுத்தது.

சென்னிமலை அண்ணனிடம் காட்டினேன். பவானிப் பக்கத்து உறுப்பினர், எங்கள் கட்சியில் மூத்தவர். முட்டி வலியோடு இருந்தாலும் வெளிநடப்பு என்றால் முதல் ஆளாக வாசலில் நிற்பார். “ஒத்த ரூவாயா? அது சாஸ்திங்க அம்மணி,” என்று சிரித்தார்.

ஜூலை 30

என்ன ஒரு நாள்!

வங்கிக்குப் பணம் கேட்கும் கோரிக்கை வந்தது. எங்கள் அவைக்குழுத் தலைவர் எழுந்து நன்றாகக் காய்ச்சினார். ஆளும் தரப்பில் கூச்சல். சட்டென்று தலைவர் கையை வீசினார் — வெளிநடப்பு. நான் தீர்மானத் தாளோடு உட்கார்ந்திருந்தேன். சென்னிமலை அண்ணன் வந்து, “ஏனுங்க அம்மணி, எந்திரிங்க, எந்திரிங்க. கேமராக்காரங்க காத்திருக்காங்க,” என்றார். எழுந்தேன். படிக்கட்டில் நின்று தொண்டை கிழியக் கோஷம் போட்டோம்.

என் வீட்டுக்காரர் கலீல் கடையிலிருந்து போன் செய்தார். “டிவில பாத்தேன். நல்லாத்தான் கத்துன. ஆனா ஊட்டுல கத்தற அளவுக்கு இல்ல.” சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.

ஜூலை 31

சிரிப்பெல்லாம் போயிற்று.

நூலகத்தில் நேற்றைய அவை நடவடிக்கைகளைப் படித்தேன். நாங்கள் படிக்கட்டில் கத்திக்கொண்டிருந்தபோது உள்ளே சபாநாயகர் வெட்டுத் தீர்மானம் கொடுத்தவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். திருமதி ரம்லா. உறுப்பினர் அவையில் இல்லை. தீர்மானம் முன்மொழியப்படவில்லை. அடுத்தவர் பெயர், அவரும் இல்லை. அதற்கடுத்தவரும் இல்லை. பிறகு ‘ஆம்’ என்பவர்கள் ஆம் என்றார்கள். ‘இல்லை’ என்று சொல்ல எங்கள் தரப்பில் ஒரு ஜீவன் இல்லை. குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது.

எங்கள் பெஞ்சைப் பார்த்து அமைச்சர் சிரித்திருப்பார். ஏன் சிரிக்க மாட்டார்? கதவைத் திறந்து வழிவிட்டதே நாங்கள்தானே. எதிர்த்தோம் எதிர்த்தோம் என்று டிவிக்காரனிடம் சொன்னேனே — எங்கே எதிர்த்தேன்? படிக்கட்டையா எதிர்த்தேன்? சீ.

ஆகஸ்ட் 2

காப்பகத்தில் பழனியாத்தாள் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் குழந்தைக்குச் சோறு பிசைந்துகொண்டே, “நீங்க வெளிய வந்துட்டீங்கன்னா, உள்ள வேண்டாம்னு சொன்னது ஆருங்க அம்மணி?” என்று கேட்டார். குத்திக்காட்டவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

யாரும் சொல்லவில்லை என்றேன்.

“காப்பகத்த மூடறதுக்கும் இப்படித்தான் பண்ணுவீங்களா?”

ஆகஸ்ட் 3

சரியாகத் தூங்கவில்லை. கோபம் யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

ஆகஸ்ட் 11, டெல்லி

செலவுக் குறைப்பு மசோதா இன்று. காப்பகங்கள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. அவைக்கு வந்து எதிர்த்து வாக்களிக்க வேண்டும் என்று கட்சிக் கொறடாவின் உத்தரவு நேற்றே வந்திருந்தது. இந்தத் தடவை நிஜமாகவே நிற்பார்கள் என்று நம்பினேன். பைத்தியக்காரி.

தலைவர் பேசினார், கூச்சல் எழுந்தது, கை வீசினார். மற்ற எதிர்க்கட்சிகளும் சேர்ந்து கிளம்பின. நான் எழவில்லை. சென்னிமலை அண்ணன் வாசலில் இருந்து திரும்பிப் பார்த்துத் தலையால் கூப்பிட்டார். நான் குனிந்துகொண்டேன்.

சபாநாயகர் ‘ஆம்’ கேட்டார். அவையே அதிர்ந்தது. ‘இல்லை’ கேட்டார். நான் கத்தினேன், பின்னாலிருந்து சின்னக் கட்சிக்காரர் ஒருவரும் கத்தினார். ஆம் என்போருக்கே வெற்றி என்றார். எழுந்து, “டிவிஷன்!” என்றேன். அது கேட்டால் ஒவ்வொருவரும் பொத்தானை அழுத்தி, தன் பெயர் பதிவாகத்தான் வாக்களிக்க வேண்டும். ஆளும் தரப்பில் ஒரே சிரிப்பு. வெற்றுப் பெஞ்சுக்கு எதற்கம்மா டிவிஷன் என்றார் ஒருவர். சபாநாயகரும் அவசியம்தானா என்றார். அவசியம்தான் என்றேன். மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன்.

மணி அடித்தது. கதவுகளைச் சாத்தினார்கள். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பொத்தானை அழுத்தினார்கள்.

தோற்றோம். சொல்ல வேண்டுமா?

ஆகஸ்ட் 12

தலைவர் அறையில் விசாரணை. “கட்சி வெளியே நிற்கிறது, நீங்கள் மட்டும் உள்ளே. எங்களை எல்லாம் கோழை என்று காட்டத்தானே?”

“உள்ள இருந்து எதிர்த்து ஓட்டுப் போடச் சொன்னது கட்சிக் கொறடாங்க. வாசல்ல நிக்கச் சொல்லி அவரு சொல்லலீங்களே,” என்றேன். வக்கீல் புத்தி.

நடவடிக்கை எடுக்க அவர்களுக்கு வழியில்லை. அதனால் சில்லறைத்தனமாக ஒன்று செய்தார்கள். இனி கட்சி சார்பில் பேசுகிறவர்களில் நான் கிடையாது. இருக்கை கடைசி வரிசைக்கு. நடைபாதையில் சென்னிமலை அண்ணன் எதிரே வந்தார், பேசாமல் போனார். அதுதான் அதிகம் வலித்தது.

கலீலிடம் சொன்னேன். “பேசற எடத்துல பேச உடலீன்னா என்ன, இங்க வந்து பேசு. கடைல ஏவாரமும் இல்ல,” என்றார். மனுஷன்.

செப்டம்பர் 4

காப்பகத்துக்குப் பூட்டு. சுவரில் தொட்டில் கொக்கி மட்டும் இருக்கிறது.

மில் களத்தில் பார்த்தேன். நார்த் தூசிக்கு நடுவில் தார்ப்பாய் நிழலில் குழந்தைகள். ஹர்ஷிணி இருமிக்கொண்டே இருந்தாள். அவள் அம்மா ஒரு கையால் நாரைப் புரட்டி, ஒரு கண்ணால் பிள்ளையைப் பார்க்கிறாள். பழனியாத்தாள் அக்காவும் இப்போது அங்கேதான் கூலிக்கு. அந்த வங்கிக்குப் பணம் போய்ச் சேர்ந்துவிட்டது. அதில் ஒருநாள்கூடத் தாமதமில்லை! யார் வீட்டுச் சிக்கனம் இது? யார் வயிற்றில் அடித்து யாரைக் காப்பாற்றுகிறீர்கள்?

அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

“தோத்தது செரிங்க. ஆனா ஆரு மூடச் சொன்னதுன்னு இப்பத் தெரிஞ்சு போச்சுங்கல்ல,” என்றார்.

என்ன சொல்கிறார் என்று புரியவில்லை.

செப்டம்பர் 12

புரிந்தது. பக்கத்துத் தொகுதி ஆளும்கட்சி உறுப்பினர் இத்தனை நாளும், தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, எல்லாம் டெல்லி முடிவு என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தார். இன்று பொள்ளாச்சிச் சந்தைக்கு ஒரு கட்டடம் திறக்க வந்திருக்கிறார். நார் மில் பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வழிமறித்திருக்கிறார்கள். ‘ஆம் என்று பொத்தானை அழுத்தியது நீங்கள்தானே’ என்று கேட்டிருக்கிறார்கள். டிவிஷன் கேட்டதால் அவர் பெயர் பதிவாகி, பேப்பரிலும் வந்திருக்கிறதே. அவரால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. மேடை ஏறாமலே கார் ஏறிப் போய்விட்டார்.

சென்னிமலை அண்ணன் போன் செய்தார். அன்றைக்கு அப்புறம் இதுதான் முதல் தடவை. “சந்தைல நடந்தது நெசமுங்களா?” என்று மட்டும் கேட்டார். ஆமாங்கண்ணா என்றேன். வைத்துவிட்டார்.

டிசம்பர் 5, டெல்லி

அதே வங்கி. பத்தவில்லையாம், இன்னொரு தடவை பணம் வேண்டுமாம். வெட்கமே கிடையாது.

தலைவர் பேசினார், கை வீசினார். பெஞ்சுகள் காலியாயின. நான் கடைசி வரிசையில் அப்படியே இருந்தேன். எனக்குச் சற்று முன்னால் ஒரு வெள்ளைத் தலை நகராமல் இருந்தது.

“அண்ணா, போகலீங்களா?”

திரும்பாமலே, “முட்டி வலிங்க அம்மணி. அத்தன தூரம் நடக்க முடியாதுங்க,” என்றார்.

சபாநாயகர் என் பெயரைக் கூப்பிட்டார். இந்தத் தடவையும் கொடுத்திருந்த என் ஒரு ரூபாய்த் தீர்மானத்தை முன்மொழிந்தேன். ‘ஆம்’ கேட்டார், ‘இல்லை’ கேட்டார், தீர்மானம் தோற்றது என்று சொல்ல வாயெடுத்தார். நான் எழுவதற்குள் “டிவிஷன்!” என்று கேட்டது.

முட்டி வலிக்காரர் எழுந்து நின்றிருந்தார்.