பின்னங்கால் மேடு

எத்தனை முறை கை கழுவினாலும் போகாத அந்த அயோடின் வாடையை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பஸ்ஸில் உன் பக்கத்தில் உட்கார்ந்தால், தலையில் வைத்திருக்கும் மல்லிகையையும் மீறி அதுதான் முதலில் மூக்கில் ஏறும். இன்று பிற்பகல் எங்கள் குதிரை லாயத்துக்குள் நுழைந்தேன், அதே வாடை. ஒரு நொடி நீதான் வந்திருக்கிறாய் என்று நினைத்துவிட்டேன். உனக்குக் காபி வைக்கப் பாலிருக்கிறதா என்றுகூட யோசித்தேன். பைத்தியக்காரி.

வந்திருந்தவர் கோயமுத்தூரிலிருந்து ஓர் இளம் மருத்துவர். காலையில் பொலிக்குதிரையோடு சேர்த்த எங்கள் பெட்டையின் கருப்பையை ரப்பர் குழாய் வைத்துக் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் என் மாமனார், சாமி முன்னால் நிற்பவர் மாதிரி கைகட்டிக்கொண்டு. வேலை முடிந்ததும் தன் சிநேகிதருக்குப் போன் போட்டார்.

"ஏனுங்க, நம்ம தோட்டத்துல புதுசா ஒரு வைத்தியமுங்க. சேத்துன அன்னிக்கே உள்ள கழுவி உட்டர்றாங்க. இந்தப் பக்கம் ஆரும் பண்ணுனதில்லீங்க. மொத மொதல்ல நாமதானுங்க!"

மொத மொதல்ல! எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. நீ போய்ச் சேர்ந்த இடத்துக்குத் தபால் கிடையாது என்று தெரிந்தும் இதை எழுத உட்கார்ந்தது அந்த ஒரு வார்த்தைக்காகத்தான்.

உனக்குச் செவலை ஞாபகமிருக்கும். மாமனார் ஆசை ஆசையாய் வாங்கிவந்த சிவப்புப் பெட்டை. தினமும் தன் கையாலேயே வெல்லம் ஊட்டுவார், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எத்தனை பருவம் சேர்த்தாலும் அதற்குச் சினை நிற்கவில்லை. 'நிற்பது' என்ற சொல்தான் இந்த வீட்டில் எல்லா வம்புக்கும் மூலம். கரு தங்குவதை நிற்பது என்கிறோம் அல்லவா? நிற்க வேண்டுமென்றால் உள்ளே போனது வெளியே வந்துவிடக் கூடாது என்பது இவர்கள் கணக்கு. அதற்காகவே லாயத்தின் மூலையில் மண்ணைக் கொட்டித் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கி ஒரு மேடு கட்டி வைத்திருந்தார்கள். சேர்த்து முடித்த பெட்டையை அங்கே கொண்டுபோய், பின்னங்கால் மேட்டிலும் முன்னங்கால் பள்ளத்திலுமாக, அசையவிடாமல் மறுநாள் வரை கட்டிப்போடுவார்கள்.

கிணத்துக்கடவில் பஸ்ஸை விட்டிறங்கி செவலையைப் பார்க்க நீ முதன்முதலாக எங்கள் தோட்டத்துக்கு வந்த அன்று அந்த மேட்டைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தாய். "அடியே, இது குதிரையா, கவுத்து வெச்ச சொம்பா?" என்று என் காதோரம் கேட்டாய். பொள்ளாச்சிப் பள்ளிக்கூட ஹாஸ்டலில் எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போது கேட்ட அதே குரல். வால்பாறை எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து டிரங்குப் பெட்டியோடு வந்த பிள்ளை நீ, மாட்டு டாக்டராகத்தான் ஆவேன் என்று அன்றைக்கே சொல்வாய். ஆகியும் காட்டினாய்.

நீ மாமனாருக்கு எவ்வளவு பொறுமையாக விளக்கினாய்! சேர்ந்த பிறகு எல்லாப் பெட்டைக்கும் கருப்பை கொஞ்சம் வீங்கி நீர் கட்டும், நல்ல உடம்பு அதைத் தானே வெளியே தள்ளிவிடும், சில பெட்டைக்குத் தள்ளச் சக்தி இருக்காது, அந்த நீர் கெட்டுப்போய்க் கிடந்தால் கரு வந்து இறங்க இடமே இருக்காது. சேர்த்துச் சில மணி நேரம் கழித்துக் கழுவிவிட்டு, கருப்பை சுருங்க ஓர் ஊசி போட்டு, நடக்கவிட்டால் போதும். அதோடு, பொலிக்குதிரையையும் ஒரு தரம் பரிசோதிக்கலாம் என்றாய். அங்கேதான் மாமனாரின் முகம் மாறியது. பொலிக்குதிரையைப் போய்ச் சந்தேகப்படுவதா?

உள்ளே போய்த் தன் கையாலேயே காபி கொண்டுவந்து உன்னிடம் நீட்டினார். நீட்டிக்கொண்டே சொன்னார்:

"தப்பா எடுத்துக்காதீங்க டாக்டரம்மா. நீங்க நல்லாப் படிச்சவீங்க. ஆனா சினை நிக்கற காரியமுங்க. பெத்து வளத்துன கையாப் பட்டா நல்லதுன்னு ஊட்ல பாக்கறாங்க. வேற ஆராச்சும் இருந்தாச் சொல்லுங்க கண்ணு. காபி ஆறுதுங்க, குடிங்க."

எத்தனை 'ங்க' பார்த்தாயா? மரியாதை குறையாமல் மனிதரைக் குத்துவதில் எங்கள் ஊரை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. என் வீட்டுக்காரர் கூரையில் ஓட்டை தேடுகிறவர் போல மேலே பார்த்துக்கொண்டிருந்தார். நீ அந்தக் காபியைக் குடித்தாய், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாய், பையை எடுத்துக்கொண்டு "வாரேனுங்க" என்று கிளம்பினாய். எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. உனக்குக் குழந்தை இல்லை என்று சொல்ல இவருக்கு என்ன உரிமை? செவலையைக் குறை சொன்னார்கள், பொலிக்குதிரையைக் கேட்க ஆளில்லை. உன்னை எத்தனை ஆஸ்பத்திரி, எத்தனை கோயில் என்று இழுத்தடித்தார்கள், உன் வீட்டுக்காரரை ஒரு டாக்டர் வாசலுக்குக் கூட்டிப்போக ஒருவருக்கும் வாய் வரவில்லை. குதிரைக்கும் பெண்ணுக்கும் ஒரே நீதி வைத்திருக்கிறார்கள், அதில் மட்டும் பாரபட்சமே கிடையாது.

அடுத்த பருவத்திலும் செவலைக்கு நிற்கவில்லை என்றால் பொள்ளாச்சிச் சந்தையில் தள்ளிவிடுவது என்று மாமனார் முடிவு செய்தார். மலட்டுக் குதிரை என்று பெயரெடுத்துச் சந்தைக்குப் போனால் அது யார் கையில் போய் என்ன பாடுபடும் என்று நமக்குத் தெரியும். அன்றைக்குத்தான் எனக்கு வாய் திறந்தது.

"மாமா, எப்படியும் தள்ளப்போறீங்க. சந்தைக்குப் போற குதிரை மேல ஆரு கை பட்டா உங்களுக்கு என்னங்க?"

"என்னமோ பண்ணுங்க" என்று துண்டை உதறிக்கொண்டு போனார். நான் உடனே உனக்குப் போன் செய்தேன். வரமாட்டாய் என்றுதான் பயந்தேன். நீ கேட்டது ஒன்றே ஒன்று: "எந்நேரத்துக்குச் சேத்தறாங்க?"

காலையில் சேர்த்தார்கள், வெயில் சாயும் முன் நீ வந்தாய். வாலை ஒதுக்கிப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றாய். ஆண்கள் யாரும் பக்கத்தில் வரவில்லை, நான் பிடித்தேன். இந்த வீட்டில் நான் வால் பிடித்தது அன்று ஒருநாள்தான். ஸ்கேன் பெட்டியின் சின்னத் திரையில் கருப்பாகக் குளம் மாதிரி தெரிந்ததை எனக்குக் காட்டினாய். அவ்வளவும் உள்ளே தேங்கிய நீர். வெதுவெதுப்பான உப்பு நீரை உள்ளே விட்டு வெளியே எடுத்தபோது கழனித்தண்ணி மாதிரி கலங்கி வந்தது. அதைப் பார்த்ததும் மாமனார் போட்ட கூச்சல்!

"அய்யய்யோ, குட்டியையே ஊத்தி உட்டுட்டீங்களே!"

நீ கையை எடுக்கவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. "குட்டிக்கு வேணுங்கறது எப்பவோ மேல போயிருச்சுங்க. இங்க கெடக்கறது போக வேண்டியதுங்க. போக வேண்டியது போனாத்தானுங்க, நிக்க வேண்டியது நிக்கும்." அடுத்தடுத்து விட்ட நீர் தெளிந்து வரும்வரை கழுவினாய். ஊசி போட்டாய். பிறகு கயிற்றை என் கையில் கொடுத்து, மேட்டுப் பக்கமே போகக் கூடாது, தென்னைக்கு நடுவே நடத்து என்றாய். நடந்தேன். நீயும் கூடவே நடந்தாய்.

சினை நின்றது. குட்டியும் பிறந்தது, தாயைப் போலவே சிவப்பாக, நெற்றியில் வெள்ளைப் பொட்டோடு ஒரு பெட்டைக்குட்டி. ஊரைக் கூட்டிக் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்தார்கள். வேண்டுதல் பலித்ததாம். பொலிக்குதிரையின் சொந்தக்காரருக்கு மாலை போட்டார்கள். உனக்குச் சொல்லிவிட மறந்துவிட்டதாம். நான் போனில் உன்னிடம் கத்தித் தீர்த்தேன். நீ சிரித்தாய். "எதுக்குடி இப்படிக் கொதிக்கறே? குட்டி பால் குடிக்குதா, அதச் சொல்லு."

அதுதான் நீ. நெஞ்சுவலி என்று வந்தபோதும் வாயுவாக இருக்கும் என்று சிரித்திருப்பாய். அப்படித்தான் போயும் விட்டாய்.

இன்றைய விஷயத்துக்கு வருகிறேன். லாயத்தில் இன்று நின்றிருந்தது அந்த நெற்றிப்பொட்டுக்காரிதான். அம்மாவுக்கு இருந்த அதே குறை இவளுக்கும். அந்த மருத்துவத் தம்பி மேல் எனக்குக் கோபமில்லை, நல்ல பிள்ளை. மாமனார் போனில் பீற்றிக்கொண்டபோது, "ஐயா, இது ரொம்ப நாளா இருக்கற முறைதாங்க" என்று சொல்லவும் செய்தார். மாமனார் காதில் அது ஏறவில்லை. "நல்லா நடக்க உடுங்க" என்று சொல்லிவிட்டு அந்தத் தம்பி காரில் ஏறியதும், மாமனார் குதிரையைப் பிடித்துக்கொண்டு நேராக அந்த மேட்டுக்குப் போனார்!

"மாமா, டாக்டர் நடக்க உடச் சொன்னாருங்க."

"அது கெடக்குது. ஒரு சாஸ்திரத்துக்குச் சித்த நேரம் கட்டிப்போடலாம் கண்ணு."

"இவ அம்மாவ அந்த மேட்டுல கட்டாம நடத்துனதுனாலதான் இவளே பொறந்தா. அன்னிக்குக் கழுவி உட்டது ஆரு கைன்னு மறந்துபோச்சுங்களா?"

மறக்கவில்லை. முகத்தில் தெரிந்தது. ஆனாலும் என்ன சொன்னார் தெரியுமா? தலையைத் திருப்பிக்கொண்டு, மெல்ல, அதே மரியாதையோடு: "அது சாமி குடுத்ததுங்க அம்மணி."

நான் கயிற்றை அவர் கையிலிருந்து வாங்கினேன். வாங்கினேன் என்று எழுதுகிறேன், பிடுங்கினேன் என்பதுதான் சரி. குதிரையைக் கதவோரம் கட்டிவிட்டு, தென்னைக்குக் குழி எடுக்கும் கடப்பாரையைக் கொண்டுவந்தேன். திமிசு போட்ட மண், சுலபத்தில் உடையவில்லை. மாமனார் "ஆருங்க அங்க, இங்க வந்து பாருங்க" என்று வீட்டுப் பக்கம் குரல் கொடுத்தார். என் வீட்டுக்காரர் வந்தார், கூரையைப் பார்த்தார், பிறகு என்ன தோன்றியதோ, மண்வெட்டியை எடுத்துவந்து உடைந்த மண்ணை வாரி வெளியே கொட்டினார். இத்தனை வருஷத்துக்குப் பிறகு! அவரை இன்னும் நான் மன்னிக்கவில்லை, ஆனால் ராத்திரிக்குச் சோறு போடலாம் என்றிருக்கிறேன்.

தோட்டத்து வேலைக்காரர்களெல்லாம் கூடிவிட்டார்கள். எதற்கம்மா இடிக்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டார். உன் முழுப்பெயரைச் சொன்னேன். அப்பா பெயரின் முதல் எழுத்தோடு, டாக்டர் என்று முன்னால் சேர்த்து, மாமனாருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னேன். இந்தக் குதிரை அவள் கையில் நின்றது என்றேன்.

பிறகு பொட்டுக்காரியை அவிழ்த்துக்கொண்டு தென்னைக்கு நடுவே நடத்தினேன். போக வேண்டியது போக வேண்டும் என்பாய். சரிதான். என் கோபத்தையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடாதே. நீ கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போன அந்தக் காபி டம்ளரின் கோபம் எனக்குள் நின்றுவிட்டது.